நீலமாகிப் போன பனி

பார்சலைப் பிரித்த அம்மா அப்படியே சிலையாக நின்றுவிட்டார்.

கடற்பாசியில் சுருட்டிய கிம்பாப் சோற்றுத் துண்டை வாயருகே கொண்டுபோன நாரே பாதியில் நிறுத்தினாள். "என்னம்மா?"

அம்மா கையில் இருந்த பெரிய தாளை மெதுவாக மேசைமேல் விரித்தார்.

நாரேயின் அம்மா மிஹ்யாங், சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். எல்லாவற்றையும் கணினியில்தான் வரைவார். பார்சலில் வந்திருந்தது அவருடைய புதிய புத்தகத்தின் மாதிரி அச்சு. ஒரு சிறுவனும் அவனுடைய ஆட்டுக்குட்டியும் பனி மூடிய மலையில் ஓடிப் பிடித்து விளையாடும் கதை அது.

ஆனால் தாளில் பனியைக் காணோம். மலை முழுக்க நீலப் பற்பசையை அப்பியது போல ஒரே நீலம். குளிரில் ஓடிக் கன்னம் சிவந்திருக்க வேண்டிய சிறுவனின் முகம் ஊதாவாக இருந்தது.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான் நாரேயின் அண்ணன் தோஜின். "ஐயய்யோ! யாரும்மா இந்தப் பையன்? பேய் அடிச்ச மாதிரி இருக்கான்!"

"அண்ணா, சும்மா இரு!" என்று அவன் காலை மிதித்தாள் நாரே.

அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. பதிப்பகத்தின் ஆசிரியர் பேக். அவர் பேசினால் பக்கத்து அறைக்கும் கேட்கும்.

"மிஹ்யாங், என்னங்க இது? பனியை வரையச் சொன்னா கடலை வரைஞ்சு அனுப்பியிருக்கீங்க!"

"நான்... நான் வெள்ளையாத்தான் வரைஞ்சேன்."

"அச்சுல தப்பு இல்ல. நீங்க அனுப்பின படத்தை எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டேன். அதுலயும் நீலந்தான்! திங்கட்கிழமை காலையில மிஷின்ல ஏத்தணும். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?" பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

பேசி முடித்ததும் அம்மா தன் அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். நாரேயும் பின்னாலேயே போனாள். திரையில் அதே மலை. வெள்ளை வெளேரென்ற பனி. சிறுவனின் கன்னத்தில் அழகான இளஞ்சிவப்பு.

"எல்லாருக்கும் நீலமாத் தெரியுது. எனக்கு மட்டும் வெள்ளையாத் தெரியுது" என்றார் அம்மா. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல நிறம் போச்சு. அப்புறம் கண்ணே போச்சு."

நாரே திரையருகே குனிந்து பார்த்தாள்.

"எனக்கும் வெள்ளையாத்தாம்மா தெரியுது."

அம்மா அவள் தலையைத் தடவினார். "என்னைச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்ற. போய்ச் சாப்பிடு, கண்ணு."

நாரே சாப்பிடப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். நாரேயின் அப்பா உல்சான் நகரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார். அம்மா அவருடன் கைப்பேசியில் பேசுவது மெல்லக் கேட்டது.

"இதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். வேற யாராவது வரையட்டும்... இல்லைங்க, அழல."

அழுதுகொண்டுதான் சொன்னார்.

நாரே கூடத்துச் சோபாவில் போய் உட்கார்ந்தாள். அம்மா வரையாமல் இருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் காதுக்குப் பின்னால், கணினியில் வரைவதற்கான பேனா எப்போதும் செருகியிருக்கும். குளிக்கப் போகும்போதுதான் அதை எடுப்பார். சில நாள் அப்போதும் மறந்துவிடுவார்.

'என் கண்ணுக்கும் வெள்ளையாத்தானே தெரிஞ்சுது? எனக்கும் கண் கெட்டுப்போச்சா?'

அவள் எதிரே இருந்த அலமாரியில் அம்மாவின் பழைய புத்தகங்கள் வரிசையாக நின்றன. ஒன்றை உருவினாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த புத்தகம். இலை உதிர்ந்த மரத்தில் ஆரஞ்சு நிறப் பெர்சிமன் பழங்கள் தொங்கும். அதைக் கொத்த வரும் மேக்பை பறவைக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை. அந்தப் புத்தகத்துக்கு அம்மா பரிசுகூட வாங்கியிருந்தார்.

நாரே சட்டென்று எழுந்தாள்.

"அம்மா! இந்தப் படம் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"எல்லாம் இருக்கும். எதுக்கு?"

"போடுங்களேன். ஒரே ஒரு தடவை."

அம்மா மனமில்லாமல் தேடி எடுத்தார். பெர்சிமன் மரம் திரையில் வந்தது. நாரே அச்சிட்ட புத்தகத்தைத் திரையை ஒட்டிப் பிடித்தாள்.

இருவருமே திடுக்கிட்டார்கள்.

புத்தகத்தில் பறவையின் வயிறு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. திரையில் இருந்த பறவையோ பார்லி தேநீரில் விழுந்து எழுந்தது போல இருந்தது. மங்கலான மஞ்சள் வயிறு!

"அண்ணா! சீக்கிரம் வா! இந்தப் பறவையோட வயிறு என்ன நிறம்?"

தோஜின் வந்து பார்த்தான். "புக்ல வெள்ளை. இங்க மஞ்சள். ஏன், அதுக்கு மஞ்சள் காமாலையா?"

"அம்மா, மூணு பேருக்கும் மஞ்சளாத்தான் தெரியுது" என்றாள் நாரே. வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. "படமும் மாறல, புக்கும் மாறல. மானிட்டர்தான் பழசாகி மஞ்சளாயிடுச்சு! நீங்க வெள்ளையா வரைஞ்சா அது மஞ்சளாக் காட்டியிருக்கு. அதனால வெள்ளையாத் தெரியுற வரைக்கும் நீலத்தைப் போட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க!"

அம்மா திரையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாயிருக்கு. தினமும் பாக்குறதால எனக்குத் தெரியவே இல்ல" என்றார் மெல்ல. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. நடுவில் மூக்கையும் சிந்திக்கொண்டார்.

அதிர்ச்சியிலிருந்து மீளாதவன் தோஜின்தான். "நானும் இதுலதானே விளையாடுறேன்! எனக்கு ஒண்ணுமே தெரியலயே!"

"உனக்கு எதிரியோட தலை தெரிஞ்சாப் போதுமே" என்றாள் நாரே.

தோஜின் பகுதி நேரமாகக் கோழி வறுவல் கடையில் வேலை பார்த்து, கேம் விளையாடுவதற்கென்றே ஒரு கணினியைத் தானே பாகம் பாகமாகப் பொருத்தியிருந்தான். மானிட்டர் மட்டும் இல்லை. சாயங்காலம் அம்மாவின் மானிட்டரில் தன் வயரைச் செருகித்தான் விளையாடுவான். புது மானிட்டர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். இப்போது அம்மாவும் வாங்கியே ஆகவேண்டும்.

"ரெண்டு வாங்க முடியாது" என்றார் அம்மா. "ரெண்டு பேர் காசையும் சேர்த்து நல்லதா ஒண்ணு வாங்குவோமா?"

"எனக்கு வேகமா இருக்கணும்" என்றான் தோஜின்.

"எனக்கு நிறம் பொய் சொல்லக் கூடாது" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலையில் மூவரும் யோங்சான் மின்னணுச் சந்தைக்குக் கிளம்பினார்கள். நாரே தன் பையில் பெர்சிமன் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தரும்படி அம்மாவிடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தாள்.

"கடைக்குப் போய்க் கதை படிக்கப் போறியா?" என்று கிண்டலடித்தான் தோஜின்.

மூன்றாவது மாடிக் கடைக்குள் நுழைந்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. நாரேயின் வாய் திறந்துகொண்டது.

சுவர் முழுக்கத் திரைகள்! ஒன்றில் எரிமலை வெடித்தது. ஒன்றில் மயில் தோகை விரித்தது. நடுவில், சாப்பாட்டு மேசை அகலத்துக்கு வளைந்திருந்த ஒரு திரையில் வண்ண மீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்தின. கையை நீட்டினால் நனைந்துவிடும் போலிருந்தது.

"வாங்க வாங்க!" என்று ஓடிவந்தார் கடைக்காரர் கூ. குட்டையான மனிதர். பேச ஆரம்பித்தால் மூச்சே விடமாட்டார் போல. "கேமுக்கா, வேலைக்கா?"

"கேமுக்கு" என்றான் தோஜின்.

"வேலைக்கு" என்றார் அம்மா.

"ரெண்டுக்கும்" என்றாள் நாரே.

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க!" வளைந்த திரையைத் தட்டிக் காட்டினார் கூ. "இதுதான் ராஜா! வேகம்னா அப்படி ஒரு வேகம். நிறம்னா... மீனைப் பாருங்க, உங்களுக்கே பசிக்கல?"

தோஜின் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் தானாகவே உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் கண்களும் மீன்களோடு நீந்தின. "அழகா இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார்.

நாரே அம்மாவின் கையைப் பிடித்தாள். "மாமா, இதுல எங்க படத்தைப் போட்டுக் காட்டுவீங்களா?"

"ஏம்மா, மீன் நல்லாத்தானே நீந்துது?"

"மீன் உங்களுது மாமா. அதோட உண்மையான நிறம் எனக்குத் தெரியாது. இந்தப் பறவையோட நிறம் எனக்கு நல்லாத் தெரியும்."

கூ பென் டிரைவை வாங்கிச் செருகினார்.

பெர்சிமன் மரம் திரையை நிறைத்தது. அம்மா வீலென்று கத்தியேவிட்டார்.

"இது பழமா, சிக்னல் விளக்கா?"

பழங்கள் ஒவ்வொன்றும் தீப்பிடித்தது போல எரிந்தன. பின்னாலிருந்த சாம்பல் நிற வானம் நீச்சல்குளம் போலப் பளபளத்தது. நாரே புத்தகத்தைத் திரையருகே பிடித்தாள். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அது... கடையில ஆளுங்க கண்ணுல படணும்னு நிறத்தை ஏத்தி வச்சிருப்போம்" என்று அசடு வழிந்தார் கூ. திரைக்கு அடியில் எதையோ அழுத்தினார். தீ அணைந்தது. ஆனாலும் இடது ஓரத்தில் இருந்த பழங்கள் இன்னும் கொஞ்சம் ரோஜா நிறமாகவே தெரிந்தன.

"நிறத்தை விடுங்க. வேகம் இருக்கே!" என்றான் தோஜின். ராஜாவை விட்டுப் பிரிய அவனுக்கு மனமே இல்லை.

"சரி, வேகத்தையும் பாத்துடலாம்" என்றாள் நாரே. "அண்ணா, அம்மா பறவையைத் தனியாத்தான் வரைஞ்சிருக்காங்க. அதைப் பிடிச்சு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு வேகமா இழு."

தோஜின் மவுஸைப் பிடித்து இழுத்தான். பறவை பறந்தது. அதன் கருப்பு முதுகுக்குப் பின்னால் புகை போல ஒரு அழுக்கு நிழலும் இழுபட்டுக்கொண்டே போனது.

தோஜின் மறுபடி இழுத்தான். மறுபடியும் புகை.

"என்ன மாமா இது? பறவையா, பழைய லாரியா?" அவன் முகம் வெளுத்துவிட்டது. "இருட்டுக்குள்ள எதிரி ஓடினா எனக்குப் புகைதான் தெரியுமா? இதையா நான் இத்தனை நாளா கனவு கண்டேன்?"

கூ தலையைச் சொறிந்தார். "சில திரையில கருப்பு கொஞ்சம் இழுக்கும் தம்பி. யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நாங்க கவனிச்சுட்டோமே" என்றாள் நாரே.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்து எரிமலை ஓடிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். பறவை புகையில்லாமல் பறந்தது, ஆனால் பழங்கள் வெளிறிப்போயிருந்தன. மயில் திரையில் பழங்கள் பரவாயில்லை. பறவைதான் தத்தித் தத்திப் போனது. அம்மா சோர்ந்துபோய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

நாரே கடையைச் சுற்றிப் பார்த்தாள். கல்லா மேசைக்குப் பின்னால் மீனும் இல்லாமல் மயிலும் இல்லாமல் ஒரு நடுத்தரத் திரை சாதுவாக நின்றிருந்தது. பக்கத்தில் பாதி குடித்த காபி. திரையில் ஒரு கார் பந்தய கேம் பாதியில் நின்றிருந்தது.

"மாமா, நீங்க விளையாடுறது அதுலயா?"

கூ திடுக்கிட்டுத் திரும்பினார். "அது... அது சும்மா, ஆள் இல்லாத நேரத்துல..."

"கடையில இவ்வளவு மானிட்டர் இருக்கு. நீங்க ஏன் அதை எடுத்து வச்சிருக்கீங்க?"

கூவுக்குப் பேச்சே வரவில்லை. அநேகமாக அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அதுலயும் எங்க படத்தைப் போடலாமா?" என்றாள் நாரே.

கூ போட்டார். நாரே புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்தாள். அம்மா எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஆரஞ்சுப் பழம், சாம்பல் வானம், வெள்ளை வயிறு. எது புத்தகம், எது திரை என்றே சொல்ல முடியவில்லை.

தோஜின் பறவையை இழுத்தான். அது சிறகின் நுனிகூடக் கலையாமல் பறந்தது. இன்னும் வேகமாக இழுத்தான். அப்போதும் அப்படியே.

"அம்மா" என்றான் தோஜின், குரலே எழும்பாமல். "இதுதாம்மா."

"முதல்லயே இதை ஏன் காட்டல?" என்று கேட்டார் அம்மா.

"என்ன பண்றது, அக்கா? வர்றவங்க பெரிசாக் கேக்குறாங்க. இது அளவுல சின்னது, விலையில பெரிசு. சொன்னா அடிக்க வர்றாங்க." அவர் விலையைச் சொன்னபோது தோஜின் தன் சேமிப்பை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ராஜாவைவிடவும் கூடுதல்! ஆனால் அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

உள்ளேயிருந்து புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கூ, நாரேயிடம் சொன்னார்: "அடுத்த வாரம் என் தங்கச்சிக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கணும். கூட வர்றியாம்மா?"

வீட்டுக்கு வந்ததும் புதுத் திரையில் அம்மா தன் பனி மலையைத் திறந்தார். அடுத்த நொடி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கடவுளே! இதையா நான் அனுப்பினேன்?"

நீலமென்றால் நீலம், அப்படி ஒரு நீலம். ஒரு பக்கமல்ல, புத்தகம் முழுக்க. சிறுவன் எல்லாப் பக்கங்களிலும் ஊதாக் கன்னத்தோடு பல்லைக் காட்டினான்.

"உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் நாரே. அம்மா காதுக்குப் பின்னாலிருந்த பேனாவை எடுத்தார்.

அன்று முழுதும் வரைந்தும் பாதிகூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தோஜின் கையில் வயரோடு அம்மாவின் பின்னால் வந்து நின்றான்.

"அம்மா... எனக்கு இன்னைக்குப் போட்டி. எங்க டீம்ல நாலு பேரும் காத்துக்கிட்டிருக்காங்க. இதுவும் பாதி என்னுதுதானே?"

அம்மாவின் கை நின்றது. "ஆமாண்டா. நாந்தான் மறந்துட்டேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் வரைக்கும்."

அம்மா மீதமிருந்த பக்கங்களைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். தோஜினும் நகரவில்லை. வயரைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றான்.

நாரே தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்த பழைய மானிட்டரை இழுத்தாள். அது பாதி வந்து மாட்டிக்கொண்டது.

"அண்ணா, ஒரு சந்தேகம். மஞ்சளாத் தெரிஞ்சா எதிரி சாகமாட்டானா?"

"சாவான். ஆனா இது மெதுவா இருக்கும். தோத்துருவேன்."

"போன மாசம் இதுலதானே ஜெயிச்ச?"

தோஜின் பழைய திரையைப் பார்த்தான். பிறகு பாதி வெள்ளையாகவும் பாதி நீலமாகவும் நின்ற மலையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"நகரு. நீ இழுத்தா வயரே பிஞ்சுடும்" என்று சொல்லி, அவனே குனிந்து மானிட்டரைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான். "உக்காந்து வரைங்கம்மா. எனக்குத் தலை தெரிஞ்சாப் போதும்!"

அன்று சாயங்காலம் வரை ஓர் அறையிலிருந்து "சுடு! சுடு! பின்னாடி பாரு!" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. இன்னோர் அறையில் பேனாவின் மெல்லிய சரசரப்பு மட்டும். நாரே இரண்டுக்கும் நடுவில் நடந்து, அண்ணனுக்கு ராமியான் நூடுல்ஸ் கிண்ணமும் அம்மாவுக்குக் காபியும் கொடுத்தாள். இருட்டத் தொடங்கியபோது அம்மா கடைசிப் பக்கத்தை அனுப்பினார். தோஜின் தலை கலைந்து வெளியே வந்தான்.

"தோத்துட்டோம்" என்றான்.

அம்மா பதறி எழுந்தார். "ஐயோ, என்னாலதானே..."

"உங்களாலயும் இல்ல, மானிட்டராலயும் இல்ல. முக்கியமான நேரத்துல எங்க கேப்டனை அவங்கம்மா குப்பை கொட்ட அனுப்பிட்டாங்க."

மூவரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

புதன்கிழமை மறுபடியும் ஒரு பார்சல் வந்தது. இந்த முறை அச்சான புத்தகமே வந்திருந்தது. யாருக்கும் அதைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. கடைசியில் நாரேதான் பிரித்தாள்.

வெள்ளைப் பனி. அதில் ஓடும் சிறுவனின் கன்னங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன.

அம்மா கண்ணை மூடி நீளமாக மூச்சுவிட்டார். "கடைசிப் பக்கத்தைப் பாருங்க" என்றார்.

நாரே திருப்பினாள். கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது: 'ஓவியம்: மிஹ்யாங். நிறம் பார்த்தவர்கள்: நாரே, தோஜின்.'

நாரே தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். மை ஒட்டவில்லை. நிஜமாகவே அச்சாகியிருந்தது.

"நான் எங்கம்மா நிறம் பார்த்தேன்?" என்றான் தோஜின் திகைத்துப்போய். "எனக்குத்தான் மஞ்சள்கூடத் தெரியலயே!"

"நீ செஞ்சதுக்கு என்ன பேர் போடுறதுன்னு பேக்குக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்றார் அம்மா.

தோஜின் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு அறைக்குள் ஓடினான். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தன் டீம் முழுவதற்கும் அனுப்பினான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது:

"அம்மா! உங்க அடுத்த புக்குக்கும் ஆள் வேணுமான்னு எங்க கேப்டன் கேக்குறான்!"